மரக்காலும் வாய்பாடும்

முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. இன்று ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் 1/320 என்று எழுதினால், ஏன் இவ்வளவு சின்னதாக ஒரு பின்னம் என்று பிள்ளைகள் விழிப்பார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதப் பழகிய பிள்ளைக்கு அதுதான் தொடக்கப் பாடம். முந்திரி என்று அதற்குப் பெயர். முந்திரி இரண்டு ஓர் அரைக்காணி, அரைக்காணி இரண்டு ஒரு காணி, காணி நான்கு ஒரு மா, காணி ஐந்து ஒரு மாகாணி, மா ஐந்து ஒரு கால். எண்சுவடியில் இருந்த இந்த வரிசையை மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாத அளவுக்கு அது மனத்தில் ஏறியது.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நுண்ணிய பின்னம் எதற்கு? தெருவில் இறங்கினால் பதில் கிடைத்துவிடும். செவிடு ஐந்து ஓர் ஆழாக்கு, ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு நாழி, நாழி எட்டு ஒரு குறுணி. அந்தக் குறுணிதான் மரக்கால். குறுணி இரண்டு பதக்கு, பதக்கு இரண்டு தூணி, தூணி மூன்று கலம். ஆக ஒரு கலத்தில் 96 நாழி, 3,840 செவிடு. அதை 320ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 12 செவிடு வருகிறது. ஒரு கலம் நெல்லில் முந்திரிப் பங்கு எவ்வளவு என்று களத்துமேட்டில் யாராவது கேட்டால், ஓர் உழக்கும் இரண்டு செவிடும் என்று பிள்ளை சொல்லும். சொன்னதை அங்கேயே அளந்தும் பார்க்கலாம். நிலமும் அப்படித்தான். கோலால் அளந்த நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் குழி. தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இந்தப் பெருக்கலுக்கென்றே குழிமாற்று என்று தனி வாய்பாடு இருந்தது.

காரி நாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’ இதே உலகத்து நூல். பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று அறிய அதில் ஒரு வழி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. எல்லாப் பழத்துக்கும் இது பலிக்குமா என்பது வேறு கேள்வி. எனக்குப் பெரிதாகப்படுவது, எண்ணலையும் பெருக்கலையும் வகுத்தலையும் கையில் இருக்கும் ஒரு பொருளிடம் கேட்கும் துணிவு. விடை சரியா என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. பழத்தை அறுத்தால் தெரிந்துவிடும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, இந்தச் சுவடிகளையும் திண்ணைப் பள்ளிகளின் பயிற்றுமுறையையும் நெடுங்காலம் ஆராய்ந்து 2022இல் ஒரு விரிவான நூலை வெளியிட்டார். அவர் காட்டும் படத்தில் மனப்பாடம் என்பது நாம் இன்று இகழ்ந்து பேசும் அந்த உருப்போடல் அல்ல. வாய்பாடு மனத்தில் இருந்தால்தான் அளக்கிற இடத்தில், பேரம் நடக்கிற இடத்தில், தாளும் எழுதுகோலும் இல்லாமல் கணக்குப் போட முடியும். திண்ணைப் பள்ளி ஆசிரியரான அண்ணாவியின் பிழைப்பு ஊராரின் நெல்லையும் காசையும் நம்பியிருந்தது. ஆகவே ஊராரே தேர்வாளர்கள். போகிற வழியில் ஒரு பெரியவர் பிள்ளையை நிறுத்திக் கணக்குக் கேட்டு, பதிலை வைத்து அண்ணாவியின் திறமையை எடைபோட முடிந்தது. கணக்குப் பாடத்தை வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் கட்டுரை எழுதவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

இங்கேயே நின்றுவிட்டால் பொற்காலக் கதை ஒன்று கிடைத்துவிடும். அந்தக் கதையை நான் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் அது பாதி உண்மை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த பள்ளிக் கணக்கெடுப்பின் தொகுப்பு 1826இல் முடிந்தது. தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளும் சேர்ந்த மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அவர்களில் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகள் பெரும்பான்மையாக இருந்தார்கள் என்பது உண்மை. அதை மறைக்கக் கூடாது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடம் இல்லை என்பதும் உண்மை. அதையும் மறைக்கக் கூடாது.

நெல்லை விளைவித்த கைகள் யாருடையவை, மரக்காலைப் பிடித்து அளந்த கைகள் யாருடையவை என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் இன்னொரு முகம் தெரியும். கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில் மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறியது, சில இடங்களில் வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என்றும் இருந்தது. கீழத்தஞ்சையில் 1940களில் விவசாயத் தொழிலாளர் இயக்கம் எழுந்தபோது, சாட்டையடியும் சாணிப்பால் புகட்டும் தண்டனையும் ஒழிய வேண்டும் என்ற குரலோடு, கூலியை முத்திரை மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்தே ஒலித்தது. அரசு முத்திரை குத்திய, அளவு மாறாத மரக்கால். திண்ணையில் இடம் பெறாத மக்கள் கேட்ட கணிதம் அதுதான்.

கணக்கை வாழ்க்கையோடு இணைப்பது பற்றி யார் பேசினாலும் இந்தக் கேள்வியைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை: யாருடைய வாழ்க்கையோடு? திண்ணையில் பாடமும் வாழ்வும் இறுகப் பிணைந்திருந்தன. நிலமுடையவன் பிள்ளை நிலக்கணக்கும், வணிகன் பிள்ளை வட்டிக் கணக்கும், கணக்குப்பிள்ளையின் மகன் ஊர்க்கணக்கும் கற்றான். பிறந்த இடத்துக்குப் பொருத்தமான கணக்குக் கிடைத்தது, அந்தக் கணக்கு அவனைப் பிறந்த இடத்திலேயே இருத்தியது.

அந்தப் பிணைப்பு அறுந்தது படிப்படியாக. எழும்பூரில் இருந்த ஆண் அநாதை விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு வியந்தார். அதைத் தம் விடுதியில் செய்துபார்த்து, 1797இல் லண்டனில் அறிக்கையாக அச்சிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைகள் பள்ளிகளில் பரவியது. பெல் எடுத்துச் சென்றது மணலையும் சட்டாம்பிள்ளையையும்தான். முந்திரியும் குழிமாற்றும் கப்பலேறவில்லை. அவருக்கு வேண்டியது குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஏற்பாடு. என்ன கணக்கு என்பதை லண்டனே முடிவு செய்துகொள்ளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு மானியம் வந்தது. தேர்வில் தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆசிரியருக்குப் பணம் என்ற ஏற்பாடும் வந்தது. தேர்வாளர் இடம் மாறிவிட்டார். முன்பு தெருவில் நின்று கேட்ட பெரியவர் இருந்த இடத்தில், இப்போது ஆண்டுக்கொரு முறை வரும் ஆய்வாளர். அவர் கேட்பது அச்சிட்ட புத்தகத்தில் உள்ள கணக்கு. பிள்ளைகளும் ஆசிரியர்களும் அந்தப் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

இழந்தது என்ன என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். பெற்றது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். அச்சிட்ட புத்தகத்தில் உள்ள கணக்கு யாருடைய வயலையும் பற்றியது அல்ல. அதனாலேயே அது எல்லாருக்கும் பொதுவாக முடிந்தது. சேரியில் இருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை, எந்த ஆண்டையின் நெல்லையும் அளக்காமலே வட்டியும் விகிதமும் கற்றது, தேர்வெழுதியது, ஊரை விட்டு வெளியேறியது. வாழ்க்கையோடு ஒட்டாத கணக்கு என்று நாம் குறை சொல்லும் அதே கணக்குதான் பலருக்கு அவர்களுடைய வாழ்க்கையில் இருந்து விடுதலை தந்தது. இந்த நன்றியை மறந்துவிட்டுச் சீர்திருத்தம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

காந்தி தலைமையில் 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, பிணைப்பை வேறு விதத்தில் திரும்பக் கட்டப் பார்த்தது. கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் என்பது அதன் கரு. ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டில் ஆதாரக் கல்வி என்று அதை அழைத்தோம். தக்ளியில் நூற்கும் பிள்ளைக்கு உண்மையிலேயே நல்ல கணக்கு கையில் கிடைத்தது. 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே அந்த நூலின் நம்பர். தான் நூற்ற நூலின் நம்பரைக் கண்டுபிடிக்க நீளம், எடை, விகிதம் மூன்றும் வேண்டும். தலைகீழ் விகிதமும் அங்கேயே ஒளிந்திருக்கிறது: நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். பாடம் நல்ல பாடம். ஆனால் நாள் முழுக்க நூற்பதே பள்ளி என்று ஆனபோது, பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்க்க ஆசைப்பட்டார்கள்.

பின் 1953 வந்தது. நகராட்சி எல்லைகளுக்கு வெளியே இருந்த தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு, மிச்ச நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ராஜாஜி அரசு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிகள் போதவில்லை, ஆசிரியர்கள் போதவில்லை, இரண்டு ஷிப்டு வைத்தால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம் என்று அரசுத் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. காமராசர் பொறுப்பேற்ற பின் 1954 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. ஏழு பத்தாண்டுகள் கழித்துப் பார்க்கும்போதும் அன்று எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். வண்ணார் வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை வெளுப்பதுதான் என்று முடிவுகட்டிவிட்டு, அந்த வாழ்க்கையோடு கல்வியை இணைப்பது கல்வியாகாது.

இந்தப் போராட்டத்தின் சூட்டில் நமக்கு ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்குள் வீட்டுத் தொழிலை, தெருவை, சந்தையைக் கொண்டுவருவது என்றாலே பின்னோக்கிப் போவது என்ற ஐயம். அந்த ஐயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனாலும் அதன் விலையைக் கணக்கு வகுப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதே பத்தாண்டில், அதிகம் பேசப்படாத இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. மூன்று பேர் ஒரு ரூபாயைப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்து அணா நான்கு தம்பிடி, மிச்சமில்லை. 192ஐ இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் எட்டாலும் பன்னிரண்டாலும் பதினாறாலும் வகுக்கலாம். நூற்றை மூன்றால் வகுத்தால் முடிவதே இல்லை. 1958 முதல் எடையும் அளவும் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கின. நாற்பது பலம் கொண்ட வீசை போய்க் கிலோ வந்தது, படியும் உழக்கும் போய் லிட்டர் வந்தது. ஊருக்கு ஊர் மாறும் மரக்காலின் அநியாயம் ஒழிந்தது. அதற்காக அந்த மாற்றத்தை மனமார வரவேற்க வேண்டும். ஆனால் அரைக்கால், மாகாணி, வீசம் என்று பேச்சிலும் பேரத்திலும் புழங்கிய பின்னங்கள் கடைத்தெருவை விட்டு வெளியேறிவிட்டன. பாடப்புத்தகத்தில் மட்டும் அவை தங்கிவிட்டன. ஏழில் மூன்றையும் ஐந்தில் இரண்டையும் கூட்டு என்று புத்தகம் கேட்கிறது. அந்தக் கூட்டலுக்கு இடம் கொடுத்த வாழ்க்கை இல்லாமல் போன பிறகும் கேட்கிறது. பின்னம் ஏன் பிள்ளைகளுக்குக் கசக்கிறது என்று வியக்கும்போது இந்த வரலாற்றையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

வாழ்க்கையைக் கூப்பிட்டதாகப் பெயர் பண்ணி, ஆளையும் பொருளையும் எண்ணின் மேல் போர்த்திவிடும் கணக்குகள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் நாடு தழுவிய தேர்வொன்றில் கேட்ட கேள்வி இது: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1,128 வீரர்களை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? நூற்றுக்கு எழுபது பிள்ளைகள் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்ற சரியான விடையை எழுதியவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். 29 பேர், ‘31 மிச்சம் 12’ என்று எழுதினார்கள். அந்தப் பன்னிரண்டு வீரர்கள் எங்கே நிற்பார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பேருந்து அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வகுத்தல் குறி மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கில் வரும் பேருந்து உண்மைப் பேருந்து அல்ல என்று ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் சொல்லிக்கொடுத்ததன் விளைவு அது.

மறுபக்கத்தைப் பிரேசிலில் பார்த்தார்கள். ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் டெரெசின்யா கர்ரையர், டேவிட் கர்ரையர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் வாடிக்கையாளராகப் போய்க் கணக்குக் கேட்டார்கள். தேங்காய் ஒன்று 35 குருசேரோ, பத்துத் தேங்காய் எவ்வளவு? பன்னிரண்டு வயதுப் பையன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று 210, இன்னும் நான்கு வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போய் 350இல் நின்றான். அவன் மூன்று மூன்றாக விற்றுப் பழகியவன். 1985இல் வெளியான அந்த ஆய்வின்படி, தெருவில் கேட்ட கணக்குகளில் 98.2 விழுக்காட்டை அந்தப் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 36.8 விழுக்காடு.

ஐந்து பிள்ளைகளை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று அன்று கேட்டவர்களுக்கு 2025இல் இந்தியாவில் இருந்து விடை வந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகள். பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 பிள்ளைகள். சந்தைப் பிள்ளைகள் கிராமும் விலையும் மிச்சமும் கலந்த சிக்கலான கணக்கை மனத்திலேயே போட்டார்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளி வடிவத்தில் கொடுத்ததும் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் நேர் எதிர். வெறும் எண்களாகக் கொடுத்த எளிய கணக்கை அவர்கள் மேலாகச் செய்தார்கள். சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சரியாக விடை சொன்ன ஒரு சந்தைக் கணக்குக்கு, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றில் ஒருவர்தான் சரியான விடை சொன்னார்.

இந்த முடிவைப் படித்த பலர் சந்தைப் பிள்ளைகளின் திறமையை மெச்சியதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இதில் இரண்டு இழப்புகள் தெரிகின்றன. பள்ளியில் ஐந்தாறு ஆண்டு உட்கார்ந்த பிள்ளை ஒரு கடையில் போய் நின்று கணக்குப் போட முடியவில்லை, அது ஒன்று. அவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடும் பிள்ளைக்கு இயற்கணிதத்தின் கதவு அடைத்திருக்கிறது என்பது மற்றொன்று, அதுவே பெரியது. எழுத்து வடிவத்தில் பொதுமைப்படுத்தத் தெரியாமல் அந்தப் பிள்ளை பொறியியலுக்கோ கணக்கியலுக்கோ போக முடியாது. சந்தையிலேயே இருக்கும். திண்ணையின் பழைய வரம்பு வேறு உருவில் திரும்பிவிடுகிறது.

நம் நாட்டில் இதை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதக் கல்வி பற்றி அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பிள்ளையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் இலக்கு, சூத்திரங்களின் எண்ணிக்கை அல்ல என்றது அந்த அறிக்கை. அதைத் தொடர்ந்து வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் ‘மேத்-மேஜிக்’ தொடக்கநிலைப் புத்தகங்களில் செங்கல் சூளை வந்தது. பழைய பொருள் வாங்கி விற்கும் கிரண் என்ற பெண் வந்தாள். மீனவப் பெண்கள் சேர்ந்து நடத்தும் வங்கியும் கடன் கணக்கும் வந்தன. எனக்குப் பிடித்தது, அந்தப் பாடங்களில் தொழில் யாருக்கும் விதியாகக் காட்டப்படவில்லை என்பது. கிரண் கணக்குத் தெரிந்ததால் தானே தேர்ந்துகொண்ட தொழிலை நடத்துகிறாள்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிச் சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகள், பிள்ளைகளைப் பலகையில் இருந்து தரைக்கு இறக்கிக் கையில் மணிகளையும் குச்சிகளையும் கொடுத்தன. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பெருந்தொற்றில் பள்ளியைத் தொலைத்த பிள்ளைகளுக்கு அடிப்படை எண்ணறிவைத் திருப்பித் தரும் பொறுப்பை ஏற்றது. இரண்டும் தேவையான பணிகள். ஆனால் மணியும் குச்சியும் பள்ளிக்கென்று வாங்கிய பொருள்கள். பிள்ளையின் வீட்டு வாசலில் கிடக்கும் கணக்கு இன்னும் உள்ளே வரவில்லை.

வாசல் என்று சொன்னது காரணத்தோடுதான். மன்றோ கணக்கெடுப்பில் 4,540 என்று சுருங்கிப்போன பெண் பிள்ளைகள் அன்றும் வாசலில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ‘ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்தவும்’ என்று வார இதழ்களின் மார்கழிப் பக்கங்களில் போடுவார்களே, அந்தக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? நடு வரிசையில் 7. அதற்கு மேலே 6, 5, 4. கீழேயும் 6, 5, 4. ஆக 37. ஐந்து வைத்து மூன்றில் நிறுத்தினால் 19. மூன்று வைத்து இரண்டில் நிறுத்தினால் 7. ஒன்பது வைத்து ஐந்தில் நிறுத்தினால் 61. ஒற்றைப் புள்ளியையும் சேர்த்தால் வரிசை 1, 7, 19, 37, 61. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு 6, 12, 18, 24. ஆறாம் வாய்பாடு தானாக வந்து நிற்கிறது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். அதே கோலத்தை ஏழாம் வகுப்பில் திரும்ப எடுக்கலாம். வரிசையைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒன்றும் ஏழும் 8. பத்தொன்பதைச் சேர்த்தால் 27. முப்பத்தேழைச் சேர்த்தால் 64. அறுபத்தொன்றைச் சேர்த்தால் 125. எல்லாம் கன எண்கள். தரையில் தட்டையாகக் கிடக்கும் புள்ளிகளுக்குள் ஒரு கனசதுரம் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை கோலத்தை விட்டு வெகுதூரம் போய்விடும். கனசதுரத்தை ஒரு மூலையின் நேரே இருந்து பார்த்தால் அறுகோணமாகத் தெரியும் என்பது வரைக்கும், இயற்கணிதத்தில் நிறுவுவது வரைக்கும். வாழ்க்கையோடு இணைப்பது என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். வாசலில் தொடங்குகிறோம், வாசலிலேயே நிற்பதற்காக அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் கணினி அறிவியலின் ஆய்வுப்பொருளாக்கினார்கள். பள்ளிப் புத்தகத்திலோ கோலம் பெரும்பாலும் சமச்சீர் அழகுக்கு எடுத்துக்காட்டாக வந்து, வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

எண்ணுவதும் அளப்பதும் உரிமை கேட்பதோடு சேர்ந்தது என்பதைக் காட்டிய ஒரு நிகழ்வும் நம் மண்ணில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் சைக்கிள் பழகியதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அங்கே கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. கூலிக்குக் கல் உடைத்தவர்கள் கணக்கேட்டைத் தாங்களே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். முத்திரை மரக்கால் கேட்ட குரலின் தொடர்ச்சி அது. நூறு நாள் வேலையில் வெட்டிய மண்ணின் நீள அகல ஆழத்தை அளந்து கூலி போட்டபோது, அந்தப் பெருக்கலைத் தாய்க்குப் போட்டுக்காட்டக்கூடிய பிள்ளை எத்தனை வீடுகளில் இருந்தது? கனஅளவுப் பாடம் அந்தப் பிள்ளைகளின் வகுப்புகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. கனசெவ்வகத்தின் படத்தோடு.

சென்னையில் அச்சாகும் ஒரு புத்தகம் எல்லா மாவட்டங்களின் வாசல்களையும் அறிய முடியாது. அதன் மேல் பழி போடுவதும் முறையல்ல. வேதாரண்யத்தில் உப்புப் பாத்தி இருக்கிறது, சிவகாசியில் தீப்பெட்டிக் கட்டு இருக்கிறது, நீலகிரியில் தேயிலைக் கொழுந்தின் எடை இருக்கிறது. அந்தந்த ஊர் ஆசிரியர்தான் கேள்வியை எழுத வேண்டும். திருப்பூர்ப் பள்ளியொன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளில் பலரின் பெற்றோர் பனியன் கம்பெனியில் வேலை. சிலருக்கு ஷிப்ட் கூலி, சிலருக்குப் பீஸ் ரேட். நாளுக்கு எத்தனை பீஸ் தைத்தால் பீஸ் ரேட் லாபம், எத்தனைக்குக் கீழே என்றால் ஷிப்ட் லாபம்? தொடக்க வகுப்பில் இது பெருக்கலும் ஒப்பிடலும். நடுநிலையில் அட்டவணை. எட்டாம் வகுப்பில் வரைபடத்தாளில் ஒரு கிடைக்கோடும் ஒரு சாய்கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி. ஒரே கேள்வி ஐந்தாண்டு வளர்கிறது, சமன்பாடு வரை போகிறது. பிள்ளை பெரியவளானதும் பனியன் கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

இப்படியொரு கேள்வியை ஆசிரியர் எழுத வேண்டுமானால் அவருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும், கணிதம் அதைவிட ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். கோலத்தில் கனசதுரம் இருப்பதைத் தான் பார்த்திராத ஆசிரியர் பிள்ளைக்குக் காட்ட முடியாது. ஆகவே பயிற்சிகளில் கற்பித்தல் உத்திகளுக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது கணிதத்துக்கே கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், தோற்க வேண்டும், வாதிட வேண்டும். அடுத்தது நேரம். இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, வாரந்தோறும் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டு, இந்தத் தேதிக்குள் இந்தப் பாடம் முடிந்ததா என்று கேட்கும் பதிவேட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியரிடம் உள்ளூர்க் கேள்வி எழுதச் சொல்வது நியாயமில்லை. மானியத்துக்காகத் தேர்வு நடத்திய காலத்து ஆய்வாளரின் நிழல் இன்னும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. வாரத்தில் ஒரு கணக்குப் பாடவேளையைப் புத்தகத்துக்கும் பதிவேட்டுக்கும் வெளியே, ஆசிரியர் பொறுப்பில் விட்டுவிடலாம். அதற்குப் புதிய திட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.